மலிவு விலை கோட் ரீடர்: எதை வாங்கலாம், எதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்

செக் இன்ஜின் லைட் எரிந்ததும் பலரும் செய்வது, காரில் செருகி, பழுதைப் போன் ஆப்பில் பார்க்க உதவும், தேடலில் முதலில் வந்து நிற்கும் அந்த நீல நிறக் குட்டி ப்ளூடூத் அடாப்டரை ஆர்டர் போடுவதுதான். வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் கேபிளோடு வரும் கையடக்க ரீடருக்கும் என்ன வித்தியாசம் என்று பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாப் பெட்டியிலும் அதே வாசகம்தான், "எல்லாக் கார்களுக்கும் பொருந்தும், ஆயிரக்கணக்கான கோடுகளைப் படிக்கும்". கோடு (code) என்பது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதின் எண், அதைப் படிப்பது எந்த ரீடரும் செய்கிற வேலை. அதற்கு மேல் என்ன காட்டுகிறது என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

முதலில் உங்கள் காரில் ஓபிடி-2 (இந்த ரீடர்கள் படிக்கும் பொதுவான பழுதறியும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004, மற்ற பல நாடுகளில் அதற்கும் பிறகு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம், பழைய கார்கள் சிலவற்றில் சாக்கெட் இருக்கும், உள்ளே பேசுகிற மொழி வேறாக இருக்கும். ஓபிடி-2 என்ற பெயரிலேயே 5 வகை புரோட்டோகால் உண்டு. அமெரிக்காவில் 2008க்குப் பிறகு எல்லாமே கேன் என்ற ஒரே வகைக்கு வந்துவிட்டன, புதிய காராக இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள்தான் மலிவு அடாப்டரிடம் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஏன் என்றால், அந்த நீல அடாப்டர்களில் இருப்பது ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல். அசலைச் செய்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ், 2022இல் கடையை மூடிவிட்டார்கள். முதல் பதிப்பில் நகல் எடுப்பதைத் தடுக்க எந்தப் பூட்டும் போடவில்லை, அங்கிருந்து கிளம்பியதுதான் இந்த வெள்ளம். வேடிக்கை என்னவென்றால் பல அடாப்டர்களில் பெருமையாக "வி1.5" என்று போட்டிருப்பார்கள், அசல் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை! 2.1 என்பது அசலிலும் உண்டு, ஆனால் அந்த எண்ணைப் போட்டு விற்கிற நகல்கள் பல, ஆப் கேட்கிற சில கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. என்னிடம் இருந்த பெயர் தெரியாத ஒன்று கோடை ஒழுங்காகப் படித்தது, லைவ் டேட்டாவை (இன்ஜின் ஓடும்போதே வரும் சென்சார் எண்களை) திறந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து, காலையும் எடுத்த பிறகுதான் திரையில் ஆர்பிஎம் ஏறும். இதை வைத்து என்ன பழுது பார்ப்பது?

ஐபோன்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பழைய ரக ப்ளூடூத் அடாப்டர் பெரும்பாலும் ஐபோனோடு சேராது. வைஃபை மாடல் அல்லது ப்ளூடூத் லோ எனர்ஜி என்று தெளிவாகப் போட்டிருப்பதுதான் வேண்டும்.

சரி, கையடக்க ரீடருக்கு வருவோம். ஆன்செல், ஆட்டெல், லாஞ்ச், ஃபாக்ஸ்வெல் எல்லாரிடமும் அடிமட்ட மாடல் உண்டு. சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி வேண்டாம், போன் வேண்டாம், ஆப்புக்குச் சந்தா கட்ட வேண்டாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் செருகினால் கொஞ்ச நேரத்தில் கோடு வந்துவிடும். வீட்டில் ஒரு கார், எப்போதாவது ஒரு லைட் எரியும் என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ரொம்பக் கீழே போய்விடாதீர்கள், இரண்டு வரித் திரையோடு வருகிற மாடல்கள் பலவற்றில் லைவ் டேட்டா இருக்காது, அது இல்லாமல் வாங்குவது வீண்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பி0171 (P0171) வந்திருக்கிறது, கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். கோடு அதோடு நிறுத்திக்கொள்ளும். லைவ் டேட்டாவில் ஃபியூயல் ட்ரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை) பாருங்கள், குறுகிய காலம், நீண்ட காலம் என இரண்டு எண் வரும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +20 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்று, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் +5க்கு இறங்கிவிட்டால் இன்டேக் பக்கம், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில், எங்கோ காற்றுக் கசிவு, ஹோஸ் ஒன்று வெடித்திருக்கலாம். ஐடிலில் ஒழுங்காக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற இதுவும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், இல்லை ஏர்ஃப்ளோ சென்சாரைச் சந்தேகப்படலாம். இந்த ஒரு பார்வை, தேவையில்லாத ஆக்சிஜன் சென்சார் ஒன்றை வாங்கி மாட்டுவதைத் தடுத்துவிடும். பி0420 வந்த உடனே கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தை) மாற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எக்ஸாஸ்டில் கசிவு இருந்தாலும் அதே கோடுதான் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

ஃப்ரீஸ் ஃப்ரேமும் அவசியம். கோடு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் என்னவாக இருந்தது என்று காட்டும். பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது), கூலன்ட் 20 டிகிரியில் இருந்தபோது வந்தது என்றால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் கோளாறு என்று புரிந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இருக்கிற காராக இருந்தால் முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பி0303 வந்தால் பழுது காயிலில்தான். (லைட் நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிகிறது என்றால் இந்த ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், காரை ஓரங்கட்டுங்கள். கடுமையான மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரையே சாப்பிட்டுவிடும்.)

அப்புறம் ரெடினெஸ், அதாவது காரின் சுய பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பகுதி. கோடை அழித்தால் காரின் சுய பரிசோதனை முடிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும், அவை மறுபடி முடியக் கொஞ்ச நாள் பலவிதமாக ஓட்ட வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லைட் எரியவில்லை, கோடும் இல்லை, ஆனால் மானிட்டர் என்கிற அந்தச் சுய பரிசோதனைகளில் பாதி முடியவில்லை என்றால், யாரோ சமீபத்தில் கோடை அழித்திருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எதுவானாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுக்கு மலிவு ரீடரை நம்ப வேண்டாம். பி (P) என்று தொடங்கும் இன்ஜின் கோடுகளோடு பெரும்பாலானவை நின்றுவிடும். மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் "ஏபிஎஸ் படிக்கும்" என்று போட்டிருந்தாலும் உங்கள் கார் மாடலும் வருடமும் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூடுதல் காசு கொடுங்கள். ஆப் வழியாகத்தான் வேண்டும் என்றால் ஓபிடிலிங்க் என்ற பிராண்டு பக்கம் போகலாம். அதில் இருப்பது ஈஎல்எம் கட்டளைகள் அனைத்தும் புரிகிற வேறு சிப், விலை கூடத்தான், ஆனால் வேகத்தில் வித்தியாசம் தெரியும். எம்எக்ஸ்+ மாடல் ஃபோர்டு, ஜிஎம் கார்களின் தனித் தகவல் லைன்களையும் படிக்கும்.

எந்த அடாப்டராக இருந்தாலும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 16ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும், மலிவு அடாப்டர் தூங்கவே தெரியாமல் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு 1234 என்று இருக்கிற ஒன்றைக் காரின் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகச் செருகி வைப்பதும் நல்லதல்ல. முழு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரீடர்களால் அனேகமாக ஒரு பயனும் இல்லை, அந்த மாடலுக்கென்றே எழுதிய ஆப் இருந்தால் மட்டும் அடாப்டர் வாங்குங்கள்.