பாயிண்டா, மேக்னெட்டோவா, எலக்ட்ரானிக்கா: பழைய பெட்ரோல் டிராக்டருக்கு எது தோது?

இஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை உண்டாக்க மூன்று வழி உண்டு; தலைப்பில் உள்ளவை அவைதான். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தொழுவத்தில் ஒரு ஃபெர்குசன் டிஇ20 நிற்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த ரகம், பெட்ரோல் வண்டி. இப்போது அதற்கு வேலை, பிசான அறுப்பு முடிந்து வைக்கோல் இழுக்கிற பத்து நாள்தான். மற்ற நாளெல்லாம் அதில் கோழி அடையும். அதனால் நான் அலசுவது தினம் ஓடும் வண்டிக்கு அல்ல, சும்மா கிடந்துவிட்டுக் கூப்பிட்ட அன்றைக்கு எழுந்து வர வேண்டிய வண்டிக்கு.

மேக்னெட்டோ ஃபோர்ட்சன் மாதிரி இன்னும் மூத்த வண்டிகளில் இருக்கும். பேட்டரியே வேண்டாம், காந்தம் சுற்றித் தானே கரண்ட் செய்துகொள்ளும். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது ‘டக்’கென்று கேட்டால், மெதுவாகச் சுற்றினாலும் மேக்னெட்டோவை வெடுக்கென்று திருப்பிவிடும் இம்பல்ஸ் கப்ளிங் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் உள்ளே தலைமுடி கனத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. ஐப்பசி ஈரம் அதன் இன்சுலேஷனில் இறங்கிவிட்டால், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நமக்கு ஆகாது அண்ணாச்சி” என்று திருப்பித் தந்துவிடுவார்.

எங்கள் வண்டியில் இருப்பது பேட்டரி, காயில், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை மூடித் திறக்கும் சின்ன சுவிட்சு). இதைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ பாதிப் பழி கண்டன்சருடையது என்று தோன்றும். பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் சுண்டுவிரல் அளவு டப்பா. அது போய்விட்டால் பாயிண்ட் திறக்கும்போது பளிச் பளிச்சென்று பொறி பறந்து, ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடுமாகத் தீய்ந்துவிடும். வண்டி குளிர்ந்திருக்கையில் ஓடும், சூடேறினால் நிற்கும், அரைமணி ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். பாயிண்டை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் போட்டால் வாரத்தில் அதே கதைதான். நிற்கிற வண்டியில் இன்னொரு தொல்லை, பாயிண்டில் களிம்பு பிடிப்பது. கெட்டி அட்டைத்துண்டைப் பெட்ரோலில் நனைத்து இடையில் ஒரு இழு இழுத்தால் போதும். சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வெந்துவிடும்.

எலக்ட்ரானிக்கில் பாயிண்டுக்குப் பதில் மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி; தேய்மானம் கிடையாது, இடைவெளி பார்க்க வேண்டாம், டைமிங் ஒருமுறை வைத்தால் நகராது. இதை நான் மறுக்கவில்லை. தினம் ஓடுகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் மூடியும் ரோட்டாரும் பிளக் வயரும் பழையவைதானே? மார்கழிப் பனியில் மூடிக்குள் வேர்த்தாலும், கீறலில் கரிக்கோடு விழுந்தாலும் எலக்ட்ரானிக்கும் மிஸ்ஸிங் அடிக்கத்தான் செய்யும்.

அடுத்தது எர்த். இந்த ஃபெர்குசனில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் சேரும். நானும் ஆசைப்பட்டு, பாசிட்டிவ் எர்த்துக்கென்றே கேட்டு வாங்கி ஒரு எலக்ட்ரானிக் செட் மாட்டினேன். பேட்டரி மாற்ற வந்த பையன் பழக்கதோஷத்தில் மைனஸைப் பாடிக்குக் கொடுத்துவிட்டான். சாவி போட்டதுமே மாட்யூல் செத்துப்போனது. பாயிண்டாக இருந்திருந்தால் அந்தத் தப்பிலும் வண்டி எடுத்திருக்கும்.

களத்தில் வைக்கோல் கிடக்கிறது, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கழற்றிய பாயிண்ட் செட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். அதையே திரும்ப மாட்டி, 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு) கனமுள்ள பிளேடு கொடுத்து இடைவெளி வைத்து முடுக்கி, விளக்கு வைப்பதற்குள் கடைசிப் பாரமும் வீடு வந்தது.