டூர்னிக்கெட் கஃப்புக்கு அடியில் இருக்கும் தோல்: ஒன்பது வருட அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியனாக ஒன்பது வருடம் ஆகிறது. தொப்பூர் கணவாயில் அடிபட்டவர்கள், மாங்காய் சீசனில் மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் என்று கை கால் கேஸ்தான் எங்களுக்கு அதிகம். அதனால் டூர்னிக்கெட் கட்டாத நாள் குறைவு. ஆபரேஷன் செய்யும் இடத்துக்கு ரத்தம் வராமல் இருக்க, கை அல்லது தொடையைச் சுற்றிக் கட்டிக் காற்று ஏற்றும் பட்டைதான் அது, அந்தப் பட்டையைத்தான் கஃப் என்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைக்கு 250, தொடைக்கு 350 (பி.பி. அளக்கும் அதே mmHg கணக்கு) என்று எல்லோருக்கும் ஒரே அளவாக அழுத்தம் ஏற்றுவோம். கஃப்புக்கு அடியில் என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து ஒரு அம்மாவுக்குக் கஃப்பைக் கழற்றினேன், அடியில் சுற்றிய பஞ்சு முழுக்க, கிருமி கொல்லத் தோலில் தடவும் பீட்டாடின் மருந்து ஊறிப் பழுப்பாக இருந்தது. மறுநாள் தொடையின் பின்பக்கம் வரிசையாகக் கொப்புளம். அவர் மகள் வந்து, "முட்டியிலதானே ஆபரேஷன், தொடையில எப்படிண்ணா வெந்துச்சு?" என்று கேட்டாள். பெயின்ட் பண்ணும்போது, அதாவது ஆபரேஷனுக்கு முன் தோலில் அந்த மருந்தைத் தடவும்போது, அது வழிந்து கஃப்புக்குள் போயிருக்கிறது, ஈரமும் அழுத்தமுமாகத் தோல் ஒன்றரை மணி நேரம் அதிலேயே கிடந்திருக்கிறது. தொடையைத் துடைத்துக் காயவைத்து, கஃப்பின் கீழ் விளிம்பை ஒட்டி அடைத்திருந்தால் இது வந்திருக்காது.

அதற்கப்புறம் நான் மாற்றிக்கொண்டதில் முதலாவது, கஃப்புக்கு அடியில் வைக்கும் பஞ்சுப் பட்டையான சாஃப்ட் ரோலைச் சுருக்கமில்லாமல் இரண்டு சுற்று சுற்றுவது. ஒரு சின்ன மடிப்பு இருந்தாலும் காற்று ஏறியதும் அது தோலைக் கிள்ளும். பெயின்ட் பண்ணுவதற்கு முன்பே கஃப்பின் கீழ் விளிம்பை ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பால் (ட்ரேப்) சுற்றி அடைத்துவிடுவேன். காற்று ஏறிய கஃப்பைத் திருகி நகர்த்தவே மாட்டேன், இடம் சரியில்லையென்றால் இறக்கிவிட்டுத்தான் மறுபடி கட்டுவேன்.

பெரிய மாற்றம் அழுத்தத்தில்தான். மணிக்கட்டிலோ பாதத்திலோ ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து, கஃப்பில் மெதுவாகக் காற்று ஏற்றிக்கொண்டே போய் நாடிச் சத்தம் நிற்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அது 130-க்குக் கீழே என்றால் 40, 190 வரை 60, அதற்கும் மேலே போனால் 80 கூட்டிக்கொள்வோம். ஒல்லியான பாட்டி ஒருவருக்குக் கையில் 125-ல் சத்தம் நின்றது, 165 வைத்தோம், ஆபரேஷன் முடியும்வரை ரத்தமே இல்லை, பழைய பழக்கத்தில் அதே கைக்கு 250 ஏற்றியிருப்போம்! அகலமான கஃப் என்றால் இன்னும் குறைந்த அழுத்தமே போதும். பருமனான தொடைக்கு கூம்பு வடிவக் கஃப் நன்றாக உட்காருகிறது, நேர் கஃப் நழுவி முட்டிப் பக்கம் இறங்கிவிடும்.

நேரத்தை போர்டில் எழுதி, ஒரு மணி நேரம் ஆனதும் சத்தமாகச் சொல்வேன், அப்புறம் அரைமணிக்கு ஒருமுறை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் இறக்கி ரத்தம் ஓடவிட்டுத்தான் மறுபடி ஏற்றுவார்கள். நம் டாக்டர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது அவர்களே "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள்.

ஓசூர் ஃபேக்டரிகளிலிருந்து வரும் விரல் கேஸில் இன்னொரு பயம் உண்டு. அங்கே டூர்னிக்கெட்டுக்குப் பதிலாகக் கையுறையின் விரல் பகுதியை வெட்டிச் சுருட்டி விரலடியில் மாட்டுவோம், கட்டுப் போடும்போது அது உள்ளேயே மறந்துபோனால் விரலே போய்விடும். அதனால் அதில் எப்போதும் ஒரு ஆர்டரி ஃபோர்செப்ஸை (கத்தரிக்கோல் மாதிரியான இடுக்கி) கண்ணில் படும்படி தொங்கவிடுவேன்.

கையில் கஃப் கட்டியவர்களுக்கு அழுத்தத்தால் நரம்பு பாதித்திருக்கிறதா என்று பார்க்க, மரப்பு விட்டதும் வார்டுக்குப் போய், "கட்டை விரலைத் தூக்குங்க, மணிக்கட்டை மேலே மடக்குங்க" என்று நானே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.