சரிந்த அணியை நிமிர்த்த யாரைச் சேர்ப்பது? கொலராடோ, இண்டியானா: ஓர் ஒப்பீடு

2022 டிசம்பரில் கொலராடோ பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு டியான் சாண்டர்ஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் கழித்து, 2023 நவம்பர் கடைசியில், இண்டியானா கர்ட் சிக்னெட்டியை நியமித்தது. இருவர் கைக்கும் வந்தது நொந்துபோன அணி. கொலராடோ 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தது. இண்டியானா ஜெயித்தது மூன்று. ஆள் தேடி இருவரும் முக்கியமாகப் போனதும் ஒரே இடத்துக்குத்தான்: வேறு கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் அணி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2025 சீசன் முடிந்தபோது கொலராடோ 3 வெற்றி, 9 தோல்வி. இண்டியானா 16-0, தேசிய சாம்பியன்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது ஹெல்மெட் போட்டு ஆடும் அந்த ஆட்டத்தில், விழுந்த அணியை எழுப்பும் பேச்சு வந்தாலே ஹைஸ்கூல் பையன்களை வளர்ப்பதா, போர்ட்டலில் வளர்ந்தவர்களை எடுப்பதா என்ற வாதம்தான் நடக்கிறது. இந்த இரண்டு அணிகளும் போனது ஒரே வழி. போய்ச் சேர்ந்த இடம் வேறு. அப்படியென்றால் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதோடு எதைப் பார்த்து எடுத்தார்கள், ஏற்கெனவே இருந்தவர்களில் யாரை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹைஸ்கூல் வழிக்கு நல்ல உதாரணம் நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ். 2001-இல் கிரெக் ஷியானோ அங்கே வந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிகளையும், தான் முன்பு வேலை பார்த்த ஃபுளோரிடாவையும் நம்பி இறங்கினார். முதல் சீசன் 2-9. அடுத்தது 1-11. பிறகு 5-7, 4-7. ஐந்தாம் வருஷம்தான் 7-5 எடுத்து, 1978-க்குப் பிறகு முதல்முறையாக ஒரு பௌல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிவில் தேறிய அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்துக்குப் போனார்கள். 2006-இல் 11-2, அந்த நவம்பரில் லூயிவில்லை 28-25 என்று வீழ்த்தியது அந்தக் கல்லூரி வரலாற்றின் பெரிய இரவுகளில் ஒன்று. நேர்மையான, உறுதியான கட்டுமானம். ஆனால் நான்கு வருஷத் தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம் இன்று எங்கே இருக்கிறது?

தாமதத்துக்குக் காரணம் உடம்பு. பதினேழு வயதில் ஒருவன் வேகமாக ஓடிவிடலாம், பந்தைப் பிடித்துவிடலாம். ஆனால் லைன் எனப்படும் முன்வரிசையில் நின்று, 140 கிலோ ஆள் மோதும்போது பின்வாங்காமல் தாங்க இரண்டு மூன்று வருஷம் ஜிம்மிலும் சாப்பாட்டு மேசையிலும் கழிய வேண்டும். அந்த இடைவெளியில் பயிற்சியாளரின் வேலையே போய்விடுகிறது.

இதைத் தாண்டிக் குதித்தவர் கான்சஸ் ஸ்டேட்டின் பில் ஸ்னைடர். 1989-இல் அவர் வந்தபோது அந்த அணி ஜெயித்தே இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவர் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளில் ஆட்களைத் தேடினார். வயது இருபது, உடம்பு தயார், கல்லூரி அளவில் ஆடிய வீடியோ கையில் இருக்கிறது, பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்கவில்லை. 1993-இல் ஒன்பது வெற்றி. 1998-இல் முதல் 11 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அந்த அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மைக்கேல் பிஷப் டெக்சஸின் பிளின் என்ற ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்தவர். இன்றைய போர்ட்டல் உத்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. அணி மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு 2021-இல் தளர்ந்தது. வருஷத்துக்கு 25 புது ஸ்காலர்ஷிப் என்ற வரம்பும் பிறகு போனது. அதனால்தான் ஒரே கோடையில் முழு அணியையும் மாற்றுவது சாத்தியமானது. அதைக் கடைசி எல்லைவரை செய்துகாட்டியவர் டியான்.

முதல் கூட்டத்திலேயே, இருக்கும் வீரர்களிடம் போர்ட்டலுக்குப் போகச் சொன்னார். 2023 ஏப்ரலில் நடந்த ஸ்பிரிங் பயிற்சி ஆட்டம் முடிந்ததும் கும்பலாக வெளியேறினார்கள். பழைய ஸ்காலர்ஷிப் வீரர்களில் மிஞ்சியது பத்துப்பேர் அளவு. உள்ளே வந்த டிரான்ஸ்ஃபர்கள் ஐம்பதுக்கு மேல். செப்டம்பரில் முந்தைய வருஷ இறுதிப்போட்டி அணியான டிசியூவை (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அதன் மைதானத்திலேயே 45-42 என்று ஜெயித்தபோது நாடே வாய்பிளந்தது. அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னால் இருந்து தோற்றார்கள். சீசன் 4-8.

அந்த வருஷம் குவார்ட்டர்பேக் ஷெடியூர் சாண்டர்ஸ் 52 முறை சாக் ஆனார். அதாவது பந்தை எறியும் முன்பே 52 முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். இந்த ஒரு எண் போதும். அவரைக் காக்க லைனில் ஐந்து பேர் நிற்கிறார்கள். எதிரணியில் இருவர் சடாரென்று குறுக்கே இடம் மாறி ஓடிவருவார்கள். அப்போது உள்பக்கம் நிற்கும் கார்டு தன் ஆளை ஓரத்தில் நிற்கும் டேக்கிளிடம் விட்டுவிட்டு, புதிதாக வருபவனைப் பிடிக்க வேண்டும். கத்திச் சொல்ல நேரம் கிடையாது. பக்கத்தில் நிற்பவன் எப்போது கைமாற்றுவான் என்று தோளுக்கே தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஒன்றுசேர்ந்த ஐந்து பேருக்கு அது செப்டம்பருக்குள் வராது.

டியானைக் குறைத்து மதிப்பிடுவது தப்பு. 2024-இல் 9-4 எடுத்தார், டிராவிஸ் ஹன்டர் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் டிராபி வாங்கினார். ஆனால் அந்த உயரத்தைத் தாங்கியது ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து அவரோடு வந்த ஹன்டர், ஷெடியூர் என்ற இரண்டு தூண்கள். இருவரும் 2025-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போனதும் அணி 3-9.

இண்டியானாவுக்கு வருவோம். சிக்னெட்டியும் முதல் வருஷம் சுமார் 30 டிரான்ஸ்ஃபர்களை எடுத்தார். அதில் 13 பேர் அவர் விட்டுவந்த ஜேம்ஸ் மேடிசன் அணியினர். ஆட்டத் திட்டம் வகுக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் மைக் ஷனஹனும் பிரையன்ட் ஹெய்ன்ஸும் அங்கிருந்தே வந்தார்கள். கொலராடோவில் முதல் சீசன் நடுவிலேயே ஆட்டத்தை வகுக்கும் பொறுப்பு கைமாறியது. இண்டியானாவில் பாடமும் ஆசிரியரும் மாறவில்லை. அங்கிருந்து வந்த லைன்பேக்கர் எய்டன் ஃபிஷருக்கு அந்த டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்ட முறை, ஏற்கெனவே அத்துப்படி, அவரைப் பார்த்து மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் வருஷமே 11-2.

ஆளைத் தேர்ந்தெடுக்க சிக்னெட்டி வைத்த அளவுகோல், கல்லூரி ஆட்டத்தில் இதுவரை என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதுதான். இனி என்ன ஆவான் என்ற ஊகம் அவருக்கு இரண்டாம்பட்சம். எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் கார்னர்பேக் டி'ஆஞ்சலோ பான்ட்ஸ் உயரத்தில் குறைந்தவர். ஆரெகனுக்கு எதிரான அரையிறுதியில் எதிரணியின் முதல் பந்தையே பறித்து டச்டவுன் போட்டார். குவார்ட்டர்பேக் ஃபெர்னான்டோ மென்டோசா ஹைஸ்கூலில் முதலில் ஒப்புக்கொண்டது யேல் பல்கலைக்கு. கலிஃபோர்னியா (பெர்க்லி) பல்கலை அணியில் ஆடி, இண்டியானா வந்து, ஹைஸ்மன் வாங்கி, தான் வளர்ந்த மயாமி மண்ணிலேயே மயாமி அணியை 27-21 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார். ஹைஸ்கூலிலேயே நான்கு, ஐந்து ஸ்டார் மதிப்பீடு வாங்கி வந்தவர்களை அந்த அணியில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது லைன்தான். லெஃப்ட் டேக்கிள் கார்டர் ஸ்மித் பழைய பயிற்சியாளர் ஹைஸ்கூலிலிருந்து எடுத்த பையன்; தோல்விக் காலத்திலும் இருந்தார், சிக்னெட்டி அவரை விடவில்லை. லைன் நடுவில் நிற்கும் சென்டர் பேட் கூகன், சாம்பியனைத் தீர்மானிக்கும் 2024 பிளேஆஃபில் இண்டியானாவை வெளியேற்றிய நோட்ர டாமிலிருந்து வந்தவர். ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3 என்று நொறுக்கியபோது ஆஃபென்ஸ் பக்கத்தின் சிறந்த வீரர் விருதே இந்த சென்டருக்குத்தான் போனது. ரைட் டேக்கிள் கலில் பென்சன் இண்டியானாவிலிருந்து 2024-இல் கொலராடோவுக்கே போய் ஆடிவிட்டு, மறுவருஷம் திரும்பி வந்தவர். 3-9 அணியிலும் நல்ல ஆட்கள் இருப்பார்கள். வந்த வேகத்தில் எல்லோரையும் வாசலைக் காட்டி அனுப்பினால் அந்த ஆட்களும் சேர்ந்தே போய்விடுவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை அப்படி அனுப்பியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதற்காக ஹைஸ்கூலை மூடிவிட முடியாது. போர்ட்டலில் வருபவர்களில் பலருக்கு மிச்சம் இருப்பது ஒரு வருஷமோ இரண்டோ. அடியில் இளசுகள் வளரவில்லை என்றால் ஒவ்வொரு ஜனவரியிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கான பணமும் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். மறுபுறம் ஹைஸ்கூலை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கிளெம்சன் இருக்கிறது: போர்ட்டலை நெடுநாள் ஒதுக்கிய டாபோ ஸ்வினியின் அணி, 2025-ஐ நாட்டின் நான்காம் இடத்தில் தொடங்கி 7-6 என்று முடித்தது.

இப்போது ஏப்ரலில் போர்ட்டலில் பெயர் கொடுக்கும் வாய்ப்பும் மூடப்பட்டுவிட்டது. 2026 முதல் ஜனவரியில் ஒரே முறை, இரண்டு வாரம். தன் அணியில் யாரை வைத்துக்கொள்வது என்று பயிற்சி பார்த்து முடிவெடுக்க அவகாசமே இல்லை. ஆகவே 2-10 அணியைக் கையில் வாங்கும் பயிற்சியாளர் முதல் வாரமே செய்ய வேண்டியது, பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டு லைனில் யார் தேறுவார் என்று பார்த்து, அவர்களிடம் உட்கார்ந்து பேசி நிறுத்திக்கொள்வது. அடுத்து தன் பழைய அணியிலிருந்து தன் பாடம் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர். மூன்றாவது, பல ஆட்டங்களில் தொடக்கம் முதல் ஆடித் தேறிய குவார்ட்டர்பேக். சிக்னெட்டி ஒஹாயோ பல்கலையிலிருந்து கர்ட்டிஸ் ரூர்க்கை எடுத்தார், அடுத்து மென்டோசா, 2026-க்கு டிசியூவிலிருந்து ஜாஷ் ஹூவர். மூவருமே வேறு கல்லூரியில் முதல் குவார்ட்டர்பேக்காகப் பல ஆட்டம் நின்று ஆடியவர்கள்.