"லைஃப்டைம் கால்ஃப் கேம் 1,200 ரூபாய்" என்று வாட்ஸப்பில் வந்தால் வாங்கிவிடாதீர்கள்

போடி, கம்பம், குமுளி, பூப்பாறை, மூணாறு பக்கம் இருக்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நம் ஊர் குரூப்புகளில் ஏலக்காய் விலை, பழைய ஜீப் விற்பனை, தொலைந்துபோன ஆதார் கார்டு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சைப் பசேலென்று ஒரு கால்ஃப் மைதானப் படம். "நீங்களே மைதானம் கட்டுங்க, நீங்களே நடத்துங்க, லேப்டாப் போதும், லைஃப்டைம் 1,200 மட்டும்." அதற்குக் கீழே, விளையாடிப் பார்த்தவர்கள் ஆஹா ஓஹோ என்று எழுதிய ஸ்கிரீன்ஷாட்டுகள் நாலைந்து. அந்த 1,200-ஐக் கொடுத்தவன் நான். 11 நாள் விளையாடினேன், 12-ஆம் நாள் காலையில் கேம் இல்லை.

முதலில் நான் ஏன் இதில் விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்குக் கால்ஃப் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

கால்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற வழியில் குண்டளைப் பக்கம் ஒரு கால்ஃப் மைதானம் இருக்கிறது, சின்ன வயதில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜீப்பிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். அவ்வளவு நிலத்தைத் தேயிலையும் போடாமல், ஏலமும் போடாமல் சும்மா புல்லாக வைத்திருக்கிறார்களே என்பதே அப்போது பெரிய ஆச்சரியம். அப்புறம் 2004-ல் மதுரை ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரன் கம்ப்யூட்டரில் சிம்கால்ஃப் என்ற கேம் இருந்தது (சிடி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இப்போது நான் ஏமாந்தது அந்தக் கணக்கில் வரவாகக்கூட இருக்கலாம்).

அந்தக் கேமை ஆடியவர்களுக்குத்தான் இது புரியும். கேம் வடிவமைப்பாளர் சிட் மேயர் பெயரோடு 2002 ஜனவரியில் வந்தது, ஃபிராக்ஸிஸ் செய்தது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. டைனோசரை வைத்து ஒரு கேம் செய்யப் பார்த்து, அது கூடிவராமல் போனதால் மனிதர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில் இறங்கினாராம். நிலத்தை வாங்கி, புல் விரித்து, மணல் பள்ளம், குளம், மரம் என்று ஒவ்வொரு குழிக்கும் பாதை நாம்தான் போட வேண்டும். ஆட வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவர்கள் தலைக்கு மேலேயே தெரியும். நீளமாக அடிக்கிறவனுக்குப் பிடித்த குழி குறிபார்த்து அடிக்கிறவனுக்குப் பிடிக்காது, மரத்தைச் சுற்றி வளைத்து அடிக்கிற கில்லாடிக்கு இரண்டுமே சப்பென்று இருக்கும், காத்திருக்க வைத்தால் திட்டுவார்கள், உட்கார பெஞ்ச் இல்லையென்றால் முகத்தைத் தூக்குவார்கள். மைதானத்தை ஒட்டி மனை போட்டு விற்கலாம். போரடித்தால் நாமே ஆட்டக்காரனாக இறங்கிப் பந்தயம் கட்டலாம். ராத்திரி 2 மணிக்கு நாலு பேர் ஒரே ஸ்கிரீனைச் சுற்றி நின்று "அந்த மணலை இடது பக்கம் நகர்த்துடா" என்று சண்டை போட்டிருக்கிறோம்.

அது திரும்ப வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை. இன்றைய லேப்டாப்பில் அது லேசில் ஓடாது. அந்தக் காலத்து சிடி கேம்கள் பல காப்பி எடுக்க விடாத சேஃப்டிஸ்க் என்ற பூட்டோடு வந்தவை, 2015-ல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டையே ஒப்புக்கொள்வதில்லை. ஆன்லைனில் வாங்கலாம் என்று தேடினேன், எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது. நம்பருக்குப் போட்டேன். எல்லை தாண்டி மலை மேல் ஒரு டவுனில் மொபைல் கடை, பேசியது ஒரு பையன், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

"தம்பி, இது சிம்கால்ஃபா?"

"அதேதான் அண்ணே, அதோட புது வெர்ஷன். விண்டோஸ் 11-ல சூப்பரா ஓடும். ரிவ்யூ அனுப்பறேன் பாருங்க."

அனுப்பினான். ஒருவர் "காலை நாலு மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை" என்கிறார். இன்னொருவர், ஆட்டக்காரர்கள் புரியாத மொழியில் வளவளவென்று பேசுவதைக் கேட்டுச் சிரித்து மாளவில்லை என்கிறார். இன்னொருவருக்கு மைதானத்தின் ஓரம் வீடு விற்பதுதான் பிடித்திருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஹாஸ்டல் ஞாபகம். யுபிஐயில் பணம் போட்டுவிட்டேன்.

கடையில் ஒரு பை ஏலக்காய் வந்தால் உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, 8 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவோம். அப்படிப்பட்ட இடத்தில் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன், யாரோ எதைப் பற்றியோ எழுதிய நாலு வரியைப் பார்த்து 1,200 ரூபாய் அனுப்பினேன்.

யாரோ எதைப் பற்றியோ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாராட்டு எல்லாமே 2002 கேமைப் பற்றியது. கேம் பெயர், தேதி, எத்தனை மணி நேரம் ஆடினார் என்கிற விவரம் எல்லாவற்றையும் மேலும் கீழும் வெட்டிவிட்டு நடுவில் இருக்கும் எழுத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் "என் பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்தில்" என்ற வரிகூட வெட்டுப்படாமல் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. எனக்கு வந்து சேர்ந்ததோ கால்ஃப்டோப்பியா. மின்மேக்ஸ் என்ற கம்பெனி 2021-ல் முழுதாக வெளியிட்ட வேறு கேம், சிம்கால்ஃபுக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. போதாக்குறைக்கு 1996-ல் மேக்ஸிஸ் விட்ட ஒரு சிம்கால்ஃபும் உண்டு, அது வேறு தினுசு. ஆக, ஒன்றுக்கு வந்த புகழை இன்னொன்றின் தலையில் வைத்து விற்பது இந்த வகைக் கேம்களில் ரொம்பச் சுலபம்.

கேமைக் குறை சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. கால்ஃப்டோப்பியா நல்ல கேம்தான். எதிர்கால உலகம் மாதிரி, பந்தை ஊதித் தள்ளுகிற காற்றாடி, தூக்கி எறிகிற கருவி என்று கோமாளித்தனமான சாமான்கள் நிறைய, அப்புறம் களை. களை படையெடுத்து வந்து புல்லைக் கெடுக்கும், அதைத் தடுத்துக்கொண்டே மைதானம் நடத்த வேண்டும். தோட்டக்காரர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது விளையாட்டாகவே தெரியாது. எனக்கு முதல் இரண்டு நாள் ஏமாற்றம், மனிதர்களின் பேச்சும் முகக்கோணலும் இல்லையே என்று. மூன்றாம் நாள் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அன்றோடு லேப்டாப் என் கையை விட்டுப் போனது. 9 குழி கட்டினாள். ஏழாவது குழி நம் போடிமெட்டு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு காற்றாடி. 17 வளைவு வைக்க வேண்டும் என்றாள், 5-க்கு மேல் இடம் பத்தவில்லை.

இப்போது மோசடி எப்படி என்று சொல்கிறேன். பையன் எனக்குக் கேமை விற்கவே இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அவர்கள் ஓர் அக்கவுண்ட் வைத்து, அதில் கேமை ஒரே ஒரு தடவை வாங்கி, அந்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் விற்கிறார்கள். நாம் உள்ளே நுழையும்போது கேட்கும் குறியீட்டை அவன் போனில் பார்த்துச் சொல்வான். கேம் டவுன்லோட் ஆனதும் ஆஃப்லைன் மோடில் போட்டுவிட்டு, "அண்ணே, இனிமே கேம் ஆடும்போது நெட் கனெக்ட் பண்ணாதீங்க, வைரஸ் வரும்" என்பான். வைரஸ் ஒன்றும் கிடையாது, நெட் வந்தால் குட்டு உடைந்துவிடும் என்ற பயம். இப்படி அக்கவுண்டை விற்பதோ அடுத்தவருக்குக் கொடுப்பதோ ஸ்டீம் விதிப்படியே கூடாது, அதனால் நாம் அவர்களிடம் போய் அழவும் முடியாது. 12-ஆம் நாள் ஜிஎஸ்டி வேலைக்காக லேப்டாப்பில் நெட் போட்டேன், ஸ்டீம் தானாகத் திறந்து பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன், தப்பு என்றது. மாற்றிவிட்டார்கள். மகள் கட்டிய மைதானம் ஃபைலாக லேப்டாப்பிலேயே இருக்கிறது, திறப்பதற்குத்தான் கேம் இல்லை.

போன் போட்டேன். முதல் நாள் "பார்க்கறேன் அண்ணே". இரண்டாம் நாள் "அக்கவுண்ட் ஓனர் எறணாகுளத்துல இருக்காரு, அவர்தான் மாத்தினது, நான் வெறும் ஏஜென்ட்டு". மூன்றாம் நாள் பிளாக். அடுத்த வாரம் சரக்கு விஷயமாக மேலே போக வேண்டியிருந்தது, நேராகக் கடைக்கே போனேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தப் பையன் இவிட இல்ல, நின்னுட்டான்" என்றார். விளம்பரத்தில் உங்கள் கடை போர்டு இருக்கிறதே என்றேன். "போர்டை ஆரு வேணும்னாலும் போட்டோ எடுக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டீ குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

எல்லை தாண்டின விஷயம், தமிழ்நாட்டுக்காரன் கேரளாவில் போய்ப் புகார் கொடுத்து அலைய முடியுமா என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள். முன்பு நிஜமாகவே அப்படித்தான், எதிராளி இருக்கும் இடத்துக்கோ சம்பவம் நடந்த இடத்துக்கோதான் போக வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எனக்குத் தேனி போதும். 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன், சைபர் புகாருக்கு 1930. ஒன்று மட்டும் சொல்கிறேன், 1930-க்கு நான் ரொம்ப லேட்டாகக் கூப்பிட்டேன், பணம் போன அன்றைக்கே கூப்பிட்டால்தான் அதை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இவர்கள் 11 நாள் நம்மைச் சந்தோஷமாக வைத்திருப்பதே அதற்குத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. யுபிஐ ரசீதையும் வாட்ஸப் சாட்டையும் அழிக்காமல் வையுங்கள். நான் கோபத்தில் பாதி சாட்டை அழித்துவிட்டேன், அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேம் வேண்டும் என்றால் ஸ்டீமில் உங்கள் சொந்த அக்கவுண்டில் நேராக வாங்குங்கள், தள்ளுபடி வரும்வரை பொறுத்தால் விலையும் குறையும். அங்கே வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அப்படியென்றால் பணம் திருப்பிக் கேட்கலாம். வெளியே யாரிடமோ கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கினால் அந்த உரிமை கிடையாது. கருத்துகளையும் அங்கேயே போய்ப் படியுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஆடிவிட்டு எழுதினார் என்று பக்கத்திலேயே இருக்கும், கேம் இலவசமாக வந்திருந்தால் அதுவும் போட்டிருக்கும், வெளியே கீ வாங்கி ஆடியவர்களின் கருத்தை மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. 40 மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுகிறவர் எழுதியதைத்தான் நான் இப்போது முதலில் படிக்கிறேன். களை தொல்லை தாங்கவில்லை, காற்றாடி வேலை செய்யவில்லை என்று அவர் சொல்வதில்தான் கேம் எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

நான் இதை எழுதாமலே விட்டிருப்பேன். 1,200 ரூபாய், போகட்டும் என்று. போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் இருக்கிற என் மச்சான் போன் செய்தான். "மாமா, நீங்க சொன்னீங்கன்னுதான் அந்தக் கால்ஃப் கேம் வாங்கலாம்னு இருக்கேன், நல்லா இருக்கா?" நான் எங்கேடா சொன்னேன் என்றேன். விளம்பரத்தை அனுப்பினான். அதே பச்சை மைதானம், அதே 1,200. கீழே ஸ்கிரீன்ஷாட்டுகளில் கடைசியாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது, நம்பரை மறைத்திருக்கிறார்கள், பெயரை மறைக்கவில்லை. கேம் வாங்கின மூன்றாம் நாள் ராத்திரி நான் அந்தப் பையனுக்கு அனுப்பினது: "சூப்பர் தம்பி, பொண்ணு லேப்டாப்ப விடவே மாட்டேங்குறா." கூடவே ஏழாவது குழியின் படம்.

அந்தப் படம் உங்களுக்கு வந்தால், வளைவுக்கு வளைவு காற்றாடி வைத்த மலைப்பாதை, அது என் மகள் கட்டியது, மேலே இருக்கிற வரி நான் எழுதியது. அதற்குப் பிறகு நான் அனுப்பின 23 மெசேஜையும் அவர்கள் போடவில்லை.