லிப்டா, டயரா, காத்தா: திருகோணமலை மணலுக்கும் சேத்துக்கும் எது சரிவரும்?

என்ர டபல் கெப்ப ரெண்டு இஞ்ச் உசத்தி, அதாவது லிப்ட் செய்து, ஒண்டரை வருசமாகுது. பழைய மிட்சுபிஷி எல்200, முன்னுக்கு டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யிற இரும்புக் கம்பி), பின்னுக்குப் பட்டை ஸ்பிரிங். பெற்றோல் செட்டில நிக்கேக்க கூட ஆக்கள் வந்து உசத்தினா நல்லா ஏறுமோ எண்டு கேக்கிறாங்க, அதால பட்டறிஞ்சத எழுதுறன். உசத்தினதால இப்ப வயல் வரம்பத் தாண்டுறன். மணலுக்க முந்தி எப்பிடித் தாழ்ந்தனோ அப்பிடியே தாழுறன்.

மணல் கதையிலயே தொடங்குவம். நிலாவெளி தாண்டி குச்சவெளிப் பக்கம் கரையால போனம், நான் கெப்பில, மச்சான் அவர்ட பழைய ஜிம்னியில (சுசுகியின்ர சின்ன ஜீப்), அது கொம்பனியால வந்த உயரம்தான், ஒண்டும் செய்யேல்ல. நான் உசத்தின திமிரில டயர்ல 32 பிஎஸ்ஐ காத்தோடயே இறங்கிட்டன். அம்பது மீற்றர் போயிருக்க மாட்டன், பின் சில்லு ரெண்டும் நிண்ட இடத்தில சுத்தி குழி தோண்ட, பின் டிபரன்சல் (பின் அக்சில் நடுவில இருக்கிற பல்லுச் சில்லுப் பெட்டி) போய் மணல்ல குந்திட்டு. கரைவலை இழுத்துக்கொண்டு நிண்ட ஒரு ஐயா "தம்பி, உழவு மெசினக் கொண்டு வரட்டா"ண்டு கேட்டார், முகத்தில சிரிப்பு வேற. மச்சான் ஒண்டும் பேசாம குந்தி வால்வுக்க ஒரு குச்சிய வச்சு நாலு டயர்லயும் காத்த இறக்கினார், 16 வரைக்கும். சில்லுக்கு முன்னால பின்னால மணல வழிச்சுப் போட்டு, வந்த தடத்தாலயே ரிவர்ஸ் எடுத்தா சும்மா வழுக்கிக்கொண்டு வெளிய வந்திட்டுது.

காத்து இறங்கினா டயர் அகலிக்கிறதவிட நீளமாத்தான் நிலத்தில படுது, அந்தப் பெரிய பாதத்தில பாரம் பரவுறதாலதான் தாழாது. உசத்தினதால அந்தப் பாதம் ஒரு நூலளவும் பெருகாது. (நியாயமா சொல்லோணும், ஜிம்னி ஒரு தொன்னுக்குக் கொஞ்சம்தான் கூட, என்ர கெப் அதவிட நல்ல பாரம், அதால மச்சான் காத்து இறக்காமலே கொஞ்சத் தூரம் போயிருப்பார்.) 16ல வேகமா ஓடவும் கூடாது, சடார் எண்டு வெட்டவும் கூடாது, டயர் ரிம்ம விட்டுக் கழண்டிடும். தார் றோட்டுக்கு ஏற முதல் திருப்பி அடிக்கிறதுக்கு ஒரு சின்னக் கொம்பிரசர் வேணும். கரையில ஓடுறதெண்டா ஆமை முட்டை போடுற காலத்தில தயவு செய்து இறங்காதீங்க.

இனி லிப்ட் வென்ற இடம். திரியாய்ப் பக்கம் வயலுக்குப் போற வழியில குறுக்க ஒரு உயர்ந்த வரம்பு. உசத்த முதல் முன் சில்லு ரெண்டும் ஏறி இறங்கினதும் வயிறு வரம்பில தட்டி, ஊஞ்சல் பலகை மாதிரி நாலு சில்லும் பாதி அந்தரத்தில நிக்கும். என்ர கெப்புக்கு முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில கிட்டத்தட்ட 3 மீற்றர், நீளம் கூடக் கூட வயிறு தட்டுறதும் கூடும். 2018ல வந்த புது ஜிம்னிய எடுங்க, சில்லுக்கிடை 2250 மில்லிமீற்றர்தான், நிலத்துக்கு மேல 210 மில்லிமீற்றர், முன்னால ஏறுற கோணம் 37 பாகை, வயிறு தட்டாமத் தாண்டுற கோணம் 28, பின்னால 49. என்ர நீளத்துக்கு ரெண்டு இஞ்ச் உசத்தினா வயித்துக் கோணத்தில ஒரு 3, 4 பாகைதான் கூடும், ஆனா அந்த நாலு பாகைதான் அந்த வரம்பு. இப்ப தட்டாமப் போறன்.

ஆனா கன பேர் பிழையா விளங்குற இடம் ஒண்டிருக்கு. ஸ்பிரிங்க உசத்தினா உயருறது சேசியும் பொடியும், பின் அக்சிலும் அதின்ர நடுவில தொங்குற டிபரன்சலும் அங்கயே இருக்கும், ஏனெண்டா அது சில்லிலதான் நிக்குது. மாரியில உழவு மெசின் போய்ப் போய் வெட்டின தடம் இருக்கெல்லோ, அதுக்க இறங்கினா நடு மேட்டில டிபரன்சல் உழுதுகொண்டு வரும், உசத்தினதும் ஒண்டுதான் உசத்தாததும் ஒண்டுதான். அதத் தூக்கிறது டயர் மட்டும்தான், அதுவும் டயர் கூடின உயரத்தில பாதி. 235/75 ஆர்15 (கிட்டத்தட்ட 29 இஞ்ச் உயரம்) போட்ட இடத்தில 31 இஞ்ச் டயர் போட்டா டயர் ரெண்டு இஞ்ச் பெருசு, டிபரன்சல் ஒரு இஞ்ச் உசரும். அந்தப் பெரிய டயர் உரசாம நிக்க இடம் வேணும், லிப்ட்ட உண்மையான பிரயோசனம் அங்கதான் எண்டு இப்ப நினைக்கிறன். நான் ஒழுங்க மாத்திச் செய்திட்டன், முதல் உசத்திட்டு டயருக்குக் காசில்லாம நிக்கிறன். பெரிய டயர் போட்டா ஸ்பீடோமீட்டர் 60 காட்டேக்க உண்மையில 63, 64ல ஓடுவீங்க, இழுவையும் குறையும், அதுவும் கணக்கில இருக்கட்டும்.

உசத்தினதுக்குக் குடுத்த விலையச் சொல்றன். முன்னுக்கு சாமான் ஒண்டும் மாத்தேல்ல, கராஜில டோர்ஷன் பார் நட்ட இறுக்கித்தான் ஏத்தினவங்க, காசு மிச்சம் எண்டு நானும் சந்தோசப்பட்டன். அப்பிடி ஏத்தினா சில்லு ஏற்கனவே கீழ தொங்கி நிக்கும், குழிக்க இறங்க அதுக்கு மிச்ச இடம் இல்ல. அதால பள்ளத்தில சில்லு நிலத்தத் தொடாம அந்தரத்தில சுத்தும், ஸ்டொப்பரில டக்கு டக்கெண்டு அடிக்கும். அதாவது உயரத்த வாங்கி பிடிய வித்திருக்கிறன். சில்லுக்குப் போற ஷாப்ட் சரிஞ்சு நிக்கிறதால சீவி பூட் (ஷாப்ட் மூட்ட மூடுற றப்பர் உறை) ஒண்டு கிழிஞ்சு கிறீஸ் ரிம் முழுக்கத் தெறிச்சுப் போச்சு, அலைன்மென்ட் பாக்காம ஓடினதில முன் டயர் ஒரு பக்கமா தேய்ஞ்சிட்டுது. ஜிம்னி மாதிரி முன்னுக்கும் முழு அக்சில் உள்ளதுக்கு வேற தொல்லை, உசத்தினா காஸ்டர் (ஸ்டியரிங்க நேரா வச்சிருக்கிற சரிவுக் கோணம்) குறைஞ்சு ஸ்டியரிங் றோட்டில அலையும், அதுக்கு அக்சில் கையில இருக்கிற றப்பர் புஷ் மாத்தோணும். பிரேக் ஹோஸ் இழுபடுதா எண்டு ரெண்டுக்குமே பாக்கோணும்.

குளக்கட்டுச் சரிவில பக்கவாட்டா போகேக்க வயித்த ஒருக்காப் பிசையும், அது பாரம் மேல ஏறினதின்ர வேலை.

லொக்கரப் பத்திக் கொஞ்சம். ஒரு சில்லு அந்தரத்தில நிண்டா ஓப்பன் டிபரன்சல், அதாவது லொக்கர் இல்லாதது, அந்த சில்லத்தான் சுத்தும், லொக்கர் போட்டா மற்ற சில்லும் சேந்து தள்ளும். சேத்தில, குழி வழியில லிப்டவிட இதுதான் கெட்டிக்காரன், ஆனா விலையும் பூட்டுற வேலையும் பெருசு, கிழமைக்கு ஒருக்கா வயலுக்குப் போற ஆளுக்கு வேணாம்.

கடற்கரையும் மணல் ஒழுங்கையும்தான் உங்கட பாதை எண்டா கொம்பிரசரும் ஒரு மண்வெட்டியும் போதும், உசத்தாதீங்க. வரம்பு, கல்லு, விழுந்த மரம் எண்டு ஏறி இறங்கிற ஆள் எண்டா உசத்துங்க, ஆனா சரியான ஸ்பிரிங்கும் அதுக்கேத்த நீளச் சொக் அப்சோபரும் போட்டு, ரெண்டு இஞ்சுக்கு மேல போகாம. நான் போன கிழமை முன் டோர்ஷன் பார் நட்டப் பாதிக்கு இறக்கிட்டன், பின்பக்கத்த அப்பிடியே விட்டிருக்கு, மூக்கு கொஞ்சம் குனிஞ்சு நிக்குது, டக்கு டக்கு சத்தம் நிண்டிட்டுது. மச்சான் பாத்திட்டு மாடு தண்ணி குடிக்கிற மாதிரி நிக்குதாம்.