ஆதிச்சபைப் பாடல்கள் பற்றிய ஆடியோ பாடத்தொகுப்பு: பாடம் நல்லது, பின்னணி இசைதான் தொல்லை

காசு கொடுத்து வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் முழுவதும் கேட்க வேண்டிய அவசியமில்லை. முதல் நான்கு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் எப்படிப் பாடினார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கும் ஆடியோ தொகுப்பு இது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பழைய பாட்டைப் பாடிக் காட்டுகிறார்கள். விலை, குடும்பத்தோடு ஒருவேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவுதான்.

ஆரம்பம் பிரமாதம். பாடச் சொல்லும் பைபிளின் கொலோசெயர் வசனத்தில் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன் (எல்லோரும் அங்கேதானே தொடங்குவார்கள்), பாடம் நடத்துபவர் நேராக ரோம அதிகாரி பிளினியிடம் போகிறார். சுமார் கி.பி. 112இல் பித்தினியாவின் (இன்றைய துருக்கியில் இருந்த ரோம மாகாணம்) ஆளுநராக இருந்தவர், கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்திருக்கிறார். அதாவது சபைப் பாட்டுக்குக் கிடைக்கும் பழைய வெளிச்சாட்சி ஒரு போலீஸ் ரிப்போர்ட் மாதிரி. இதை அவசரப்படாமல் சொல்லியிருக்கிறார்கள்.

தொகுப்பின் உயிர் என்றால் ஆக்சிரிங்கஸ் பாப்பிரஸ் (நாணல் தாள்) பாடம்தான். எகிப்தில் அந்தப் பெயருள்ள ஊரில் கிடைத்தது, 1922இல் வெளியிடப்பட்டது, எழுதப்பட்டது மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஏறக்குறைய ஓரடி அகலம், 5 செ.மீ. உயரம், அவ்வளவே. ஒரு பக்கம் தானியக் கணக்கு. யாரோ அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் பாட்டை எழுதி, சொற்களுக்கு மேலே கிரேக்கச் சுரக்குறிகளையும் போட்டிருக்கிறார்கள். வரிகளின் தொடக்கம் கிழிந்து போயிருக்கிறது. மிஞ்சியதில், நட்சத்திரங்களும் நதிகளும் அமைதியாக இருக்க, நாங்கள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைப் பாடும்போது வல்லமைகள் எல்லாம் 'ஆமென், ஆமென்' என்று பதில் சொல்லட்டும் என்று வருகிறது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பாட்டு ஒன்று ராகத்தோடு நமக்குக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான். குறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒருவர் தனிக்குரலில் மெதுவாகப் பாடுகிறார். இரண்டாவது 'ஆமென்' வரும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அப்புறம்தான் எரிச்சல் தொடங்குகிறது. அடுத்த பாடத்தில் பழைய கிறிஸ்தவ ஆசிரியர் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் வருகிறார். குழலை ஆடு மேய்ப்பவர்களிடமே விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னதையும், விருந்துகளையும் நாடகக் கொட்டகைகளையும் நினைவுபடுத்துவதால் வாத்தியங்களைச் சபைத் தந்தையர் (ஆதிச்சபையின் பெரிய ஆசிரியர்கள்) பெரும்பாலும் ஒதுக்கினார்கள் என்பதையும் விளக்குகிறார்கள். விளக்கும்போதே பின்னால் புல்லாங்குழல் ஓடுகிறது! கீழே நீட்டி ஒலிக்கும் கீபோர்டு இசை வேறு. தயாரித்தவர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே கேட்கவில்லையா?

இதைவிடப் பெரிய குறை மிலான் பிஷப் அம்புரோஸ் பற்றிய பாடத்தில். கதை நன்றாகச் சொல்லப்படுகிறது: 386இல் மிலானில் பேரரசரின் தாய் யுஸ்தினா ஆரியஸ் கொள்கைக்காரர்களுக்காக (கிறிஸ்து பிதாவுக்குச் சமமானவரல்ல என்றவர்கள்) ஓர் ஆலயத்தைக் கேட்க, ஜனங்கள் உள்ளேயே விழித்துக் காவல் காக்க, அவர்கள் சோர்ந்துவிடாதபடி கிழக்கத்திய முறையில் பாட்டுகள் பாட வைத்தார்கள் என்று அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டின் எழுதியிருக்கிறார். அம்புரோஸ் எழுதிய பாட்டு என்றால் நாலு வரிச் சரணங்கள் எட்டு. எழுத்தறியாதவனும் பிடித்துக்கொள்ளும் சந்தம். ஆனால் கடைசியில் பாடிக் காட்டும் ராகம் பல நூற்றாண்டு கழிந்த இடைக்காலத்து ராகம். அம்புரோஸ் காலத்து மெட்டு எதுவும் எழுதி வைக்கப்பட்டுக் கிடைக்கவில்லை. அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால் கேட்பவர் மிலானிலேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்.

மாலை விளக்கேற்றும்போது பாடும் கிரேக்கப் பாட்டு பற்றிய பாடம் சுமார்தான். நாலாம் நூற்றாண்டிலேயே பிஷப் பசீல் அதைப் பழைய பாட்டு என்று சொன்ன தகவலைத் தவிர வேறு சரக்கில்லை.

எஃப்ரேமுக்கு ஒதுக்கிய நேரம் அநியாயம். 373இல் இறந்த சிரியாக் மொழிக் கவிஞர், பெண்கள் பாடற்குழுக்களைப் பழக்கியவர் என்று சொல்லப்படுபவர். அவர் மரபு பக்கத்தில் கேரளத்துச் சிரியன் சபைகளில் இன்னும் பாட்டாகவே இருக்கிறது. அவரைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள்.

பாட்டுகளின் வரிகள் அடங்கிய பிடிஎஃப் கூடத் தரவில்லை. கொயர் நடத்துகிறவர்கள் தனிப் பாடமாக வாங்க முடிந்தால் பிளினி, பாப்பிரஸ் இரண்டையும் வாங்குங்கள். தள்ளுபடி வந்தால் முழுத் தொகுப்பு. எஃப்ரேமுக்காக மட்டும் யோசிப்பவர்கள், வேண்டாம்.