கொதித்த வண்டியா, எரிந்த வண்டியா? பழைய கார் வாங்கும் முன் ஒரு அலசல்

பழைய காரின் பானட்டைத் தூக்கியதும் உருகிய பிளாஸ்டிக்கோ கருகிய ஒயரோ கண்ணில் பட்டால், விற்பவரிடம் பதில் தயாராக இருக்கும்: “ஒரு தடவை லேசா ஹீட் ஆச்சு சார், சரி பண்ணியாச்சு.” என்ஜின் கொதித்திருக்கலாம், ஒயர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அடியிலிருந்து தீ பிடித்திருக்கலாம். இதில் எது நடந்தது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

என்ஜின் கொதித்த வண்டி மூன்றில் சாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்ற வேண்டிய இடத்தில் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருந்தால், ரேடியேட்டர் வாயில் வெள்ளைப் பொருக்கும் உள்ளே துருத் தண்ணீரும் இருக்கும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அப்புறம் ஆயில் மூடியின் அடியைப் பாருங்கள். கடைந்த மோர் மாதிரி வெளுத்த கூழ் ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். எப்போதும் குறைந்த தூரமே ஓடிய வண்டியிலும் இது கொஞ்சம் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு (அடிப்பரப்பை மட்டமாக்கி), கேஸ்கெட் மாற்றிய பில் இருக்கிறதா? இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். பாதிப்பு பெரும்பாலும் என்ஜினோடு நின்றுவிடும்.

ஒயர் ஷார்ட் ஆன வண்டி அப்படி இல்லை. எனக்கு அதிக பயம் இதில்தான். சம்பா அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிக்கு வீட்டு வாசலில் நிற்கும் கார் நல்ல வளை. ஒயரின் மேல்தோலைக் கடித்துவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கும் செம்பு வண்டியின் தகட்டில் பட்டால் ஷார்ட். கொதித்த வண்டியில் சூடு என்ஜினைச் சுற்றிப் பரவியிருக்கும். ஷார்ட் ஆனதில் கருகல் ஒரு ஒயர் போன வழியிலேயே ஓடும், பக்கத்து ஹோஸ் புதுசு போல இருக்கும். பழைய ஒயர்க்கட்டில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பளபளப்பான கறுப்பு டேப் இருந்தால், டேப் முடியும் இடத்தில் ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். தோல் விறைத்து வெடித்தால், சூடு டேப்புக்கு அப்பாலும் போயிருக்கிறது.

ஃபியூஸ் பாக்ஸையும் திறக்கச் சொல்லுங்கள். மூடியில் 15 ஆம்பியர் என்று போட்டிருக்கும் இடத்தில் நீல ஃபியூஸ் இருக்க வேண்டும். பச்சை இருந்தால் அது 30. அடிக்கடி போகிறதே என்று யாரோ பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். இனி ஃபியூஸுக்குப் பதில் ஒயர்தான் எரியும். ஒயரிங் கிட் முழுதும் மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் இந்த வண்டி வேண்டாம். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து மழை நாளில் நடு ரோட்டில் நிற்கும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு “எரர் எதுவும் இல்லை” என்று காட்டுவார்கள். சரி, ஆனால் வெந்துபோன தோல் ஸ்கேனரில் தெரியாது.

அடியிலிருந்து பிடித்த தீ நம் பக்கத்துச் சங்கதி. வைக்கோலையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு அடிக்கும் வழக்கம் உண்டு. அது அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரையோ, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ தொட்டால் பற்றிவிடும். லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்: சைலன்சர் இணைப்பில் கருகிய வைக்கோல், ஒரு பக்கம் மட்டும் புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட். பானட்டுக்குள் போல்ட் இடுக்கிலும் ஆல்டர்னேட்டர் ஓட்டையிலும் வெளிர் மஞ்சள் பவுடர் தங்கியிருந்தால், தீயணைப்பான் அடித்திருக்கிறார்கள். அந்தப் பவுடர் ஈரம் பட்டால் கனெக்டர்களை அரிக்கும்.

தீ அடித்தகடோடு நின்று, பெட்ரோல் குழாயும் பிரேக் ஹோஸும் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் யோசிக்கலாம். பானட்டின் மேல்புறம் பெயின்ட் கொப்பளித்த தடமோ, பேட்டரிக்குப் பின்னால் உள்ள தகட்டில் கரியோ இருந்தால் விலையே கேட்க வேண்டாம். சந்தேகம் பாதி பாதியாக இருந்தால், இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தை விற்பவரிடமே எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.